'சாப்பிடலையே?' என்று கேட்டால் 'இல்லீங்க' என்றுதான் பதில் வரும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில், புற்றுநோய்க்கு ஆங்கில மருத்துவத்தோடு சித்தா, யோகா, இயற்கை மருத்துவம் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். நல்ல கட்டுரைதான், அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அதே இணைப்பில் இரண்டு பக்கம் தள்ளி, எந்த நிலையில் இருந்தாலும் புற்றுநோயை வேரோடு அழிப்போம் என்று கால் பக்கத்துக்கு ஒரு விளம்பரம், கீழே ஒரு செல் நம்பர். வைத்தியர் பெயர் கிடையாது, பட்டம் கிடையாது, ஊர் கூடக் கிடையாது. கட்டுரையைப் படித்து மனசு லேசாகி, அப்படியே பக்கத்தைப் புரட்டி அந்த நம்பரைக் குறித்துக்கொள்கிறவர்கள் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக வரும், வெட்டுவதென்றால் வெட்டிக்கொள்ளுங்கள்.

என் அக்காவுக்கு 53 வயது. இரண்டு வருடத்துக்கு முன்னால் மார்பில் கட்டி. மதுரையில் ஒரு மருத்துவமனையில் ஆபரேஷன், அப்புறம் எட்டு கீமோ, அப்புறம் கரண்ட் (கதிர்வீச்சு), இப்போது தினம் ஒரு மாத்திரை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்ததால் பெரிய செலவுகளைத் தாங்க முடிந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். எட்டு கீமோவுக்கும் கூடப் போனது நான்தான். ஊர் சாத்தூர் பக்கம், விடிகாலை பஸ் பிடித்தால் எட்டரைக்கு வார்டில் இருக்கலாம்.

முதல் நாலும் சிவப்பு மருந்து. வார்டில் யாரும் அதன் பெயரைச் சொல்வதில்லை, 'உங்களுக்குச் சிவப்பா வெள்ளையா' என்றுதான் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள். ரோஸ்மில்க்கைவிடக் கொஞ்சம் அடர்ந்த நிறத்தில் பெரிய சிரிஞ்சில் கொண்டுவந்து மெதுவாக ஏற்றுவார்கள். ஒண்ணுக்கு சிவப்பாகப் போகும், பயப்படாதீங்க என்று நர்ஸ் முதலிலேயே சொல்லிவிட்டார். அவர் சொல்லாமல் விட்டது எத்தனையோ. இரண்டாம் நாள் ராத்திரி முழுக்கத் தூக்கம் வராது (ஸ்டீராய்டு ஊசி போடுவதால் அப்படி என்று பிறகு நானே தெரிந்துகொண்டேன்), மூன்றாம் நாள் தாளிக்கிற வாசம் பட்டாலே குமட்டும், தண்ணீர் கூட துருப்பிடித்த சொம்பில் குடிப்பது போல இருக்கும். சாத்தூர்க்காரிக்கு சேவு வாசம் பிடிக்காமல் போவதென்றால் என்னவென்று யோசித்துப் பாருங்கள். இதையெல்லாம் டாக்டரிடம் சொன்னால், அப்படித்தாம்மா இருக்கும், சரியாயிடும் என்பார். பொய் இல்லை, சரியாகிவிடும்தான். ஆனால் வெளியே அறுபது பேர் டோக்கன் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் நாலு நிமிஷம் கூடக் கிடைக்காது. அந்த நாலு நிமிஷத்தில் தூக்கத்துக்கும் குமட்டலுக்கும் இடம் இல்லை. அந்த இடத்தில்தான் மற்றவர்கள் நுழைகிறார்கள்.

நம் ஊரில் நோயாளியைப் பார்க்க யாரும் வெறுங்கையோடு வருவதில்லை, ஹார்லிக்ஸோ ஆரஞ்சோ கொண்டுவருவார்கள். புற்றுநோய் என்றால் கூடவே ஒரு வைத்தியமும் வரும். சின்ன அத்தை ஒரு பை நிறைய முள்சீத்தா இலை. எதிர்வீட்டு மதினி கோதுமைப்புல் சாறு. துபாயில் இருக்கிற கொழுந்தனார் மகன், பாதாம் மாதிரி இருக்கும் கசப்புக் கொட்டை ஒரு பொட்டலம் அனுப்பினான், ஆப்ரிகாட் கொட்டையாம், அதில் பி17 என்று ஒரு வைட்டமின் இருக்கிறதாம். அது வைட்டமினே கிடையாது. அந்தக் கொட்டையில் இருக்கிற சரக்கை வைத்துச் செய்த மருந்தை அமெரிக்காவில் 178 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 1982லேயே முடிவை வெளியிட்டுவிட்டார்கள். நோய் குறையவில்லை, சிலருக்கு இரத்தத்தில் சயனைடு ஏறியதுதான் மிச்சம். நாற்பது வருடம் கழித்து அது கொரியர் ஏறி எங்கள் தெருவுக்கு வருகிறது. சர்க்கரையை நிறுத்து, பாலை நிறுத்து, கத்திரிக்காய் கருவாடு ஆகவே ஆகாது என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஆபரேஷன் முடிந்து தையல் கூடப் பிரிக்காதவள் எதிரில் உட்கார்ந்துகொண்டு, கத்தி பட்டா பரவிரும்னு சொல்வாங்களே என்று ஒருத்தர் கேட்டார். அவரை இப்போதும் எனக்குப் பிடிக்காது.

அக்கா எல்லாருக்கும் தலையாட்டுவாள். எதைச் சாப்பிட்டாள், எதைச் சாப்பிடவில்லை என்று எனக்கே சரியாகத் தெரியாது.

மூன்றாவது கீமோவுக்கு முதல் நாள் எடுத்த இரத்தப் பரிசோதனையில் எஸ்ஜிபிடி என்கிற கல்லீரல் அளவு 212 என்று வந்தது. நாற்பதை ஒட்டி இருக்க வேண்டியது. கல்லீரல் சரியில்லை, கீமோ போட முடியாது என்று தள்ளிவைத்தார்கள். அங்கே இருந்த சின்ன டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, நாட்டு மருந்து எதுவும் சாப்பிடலையே என்று கேட்டார். அக்கா, இல்லீங்க என்றாள். அவர் அதைத் தட்டிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

அந்தக் கேள்வியை இரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். பரீட்சையில் காப்பி அடிக்கலையே என்று வாத்தியார் கேட்டால் எந்தப் பிள்ளை ஆமாம் சார் என்று சொல்லும்? சாப்பிடலையே என்று கேட்டால் இல்லீங்க என்றுதான் வரும், தமிழ் அப்படி. வேற என்னல்லாம் சாப்பிடுறீங்க என்று கேட்டிருந்தால் அக்கா சொல்லியிருப்பாள், எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

வீட்டுக்கு வந்து அலமாரியைத் துழாவினேன். சேலை மடிப்புக்கு அடியில் ஒரு போர்ன்விட்டா டப்பா, அதற்குள் செங்கல் நிறத்தில் பொடி, சின்னச் சின்னப் பொட்டலமாகப் பழைய காலண்டர் தாளில் மடித்தது. அண்ணன் முறை ஒருத்தர் பைக்கில் போய் யாரிடமோ வாங்கி வந்தாராம், ஒரு மண்டலத்துக்கு 9,000 ரூபாய், தேனில் குழைத்து ரெண்டு வேளை. மூன்று வாரமாகச் சாப்பிட்டிருக்கிறாள். அடுத்த முறை டப்பாவையும் எடுத்துக்கொண்டு போய்ப் பெரிய டாக்டர் மேசையில் வைத்தேன். கத்தினார். இதைத் தின்றுகொண்டு என்னிடம் எதற்கு வருகிறீர்கள் என்று வெளியே இருக்கிற அறுபது பேருக்கும் கேட்கிற மாதிரி. கோபம் நியாயம்தான், எனக்கும் அதே கோபம்தான், பஸ்ஸில் அதைவிட அதிகமாகவே நான் திட்டியிருக்கிறேன். ஆனால் அன்றையிலிருந்து அக்கா அந்த அறைக்குள் வாயையே திறக்கவில்லை. காய்ச்சல் வந்ததைக்கூட ஒரு நாள் கழித்துத்தான் சொன்னாள். கீமோ நேரத்தில் காய்ச்சலை ஒரு நாள் மறைப்பது எவ்வளவு ஆபத்து என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

பொடியினால்தான் கல்லீரல் கெட்டது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன், கீமோ மருந்தே கூடக் காரணமாக இருக்கலாம். பொடியை நிறுத்திய இரண்டாவது வாரம் அளவு இறங்கியது, மூன்றாவது கீமோ போட்டார்கள், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. ஆனால் மூலிகை என்றாலே கெடுதல் செய்யாது என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்தி என்று வீடு வீடாகச் சீந்தில் கஷாயம் குடித்தோமே, அதற்கப்புறம் கல்லீரல் பாதித்து வந்தவர்களைப் பற்றி முதலில் மும்பையிலிருந்தும், அடுத்து 2022ல் நாட்டின் பல மையங்கள் சேர்ந்து 43 பேரைப் பற்றியும் கல்லீரல் மருத்துவர்கள் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் சீந்தில் மேல் பழி போடாதீர்கள் என்று மறுத்தது. சரி, இருவரும் வாதாடட்டும். கீமோ ஏறுகிற உடம்பில் அந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டாம் என்பதுதான் என் கட்சி. முள்சீத்தாவும் அப்படித்தான். வாட்ஸ்அப்பில் கீமோவைவிடப் பத்தாயிரம் மடங்கு என்று சுற்றுகிறதே, அந்தப் பழமும் இலையும் நிறையச் சாப்பிடுகிற கரீபியன் தீவான குவாதலூப்பில் நடுக்குவாதம் போன்ற ஒரு நோய் வழக்கத்துக்கு மாறாக அதிகம் தென்படுகிறது என்று 1999லேயே மருத்துவ இதழில் வந்துவிட்டது. அந்தச் செய்தி மட்டும் எந்த குரூப்பிலும் வராது.

அந்தப் பொடியைப் பற்றித் தெரிந்துகொள்ள நான் போன இடத்தைச் சொல்கிறேன். எங்கள் பக்கத்து அரசு மருத்துவமனை வளாகத்திலேயே சித்தா பிரிவு இருக்கிறது, தமிழ்நாட்டில் பல ஊர்களிலும் இப்படித்தான், ஒரே காம்பவுண்டு. அங்கே ஒரு டாக்டர், ஐம்பது வயதிருக்கும், டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தார், விரலில் தொட்டுத் தேய்த்தார், மூடி வைத்துவிட்டார். "இது செந்தூரமா, காவி மண்ணா, ரசம் (பாதரசம்) சேர்த்ததா, கண்ணால பார்த்துச் சொல்ல முடியாதும்மா. அஞ்சரை வருஷம் படிச்ச எனக்கே தெரியலைன்னா, உங்க அக்கா கல்லீரலுக்கு எப்படித் தெரியும்?" என்றார். அப்புறம் அவரே சொன்னார்: ரசம், கந்தகம், தாளகம் (ஆர்சனிக் கலந்த தாது) சேர்கிற மருந்துகள் சித்தத்தில் உண்டு, அதை நச்சு நீங்கச் சுத்தி செய்யாமல், நெருப்பில் புடம் சரியாகப் போடாமல் கொடுத்தால் அது மருந்தே இல்லை, சிறுநீரகத்துக்கு வைக்கிற உலை. அமெரிக்காவில் பாஸ்டன் நகரக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேத மருந்துகளை வாங்கிச் சோதித்ததில் 14ல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்ததாக 2004ல் வந்த ஆய்வை அவர்தான் எனக்குச் சொன்னார், நானில்லை. தன் துறையைப் பற்றி இவ்வளவு நேராகப் பேசுகிற ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கீமோ முடிகிற வரைக்கும் உள்ளுக்கு எதுவும் வேண்டாம், சுக்கு சீரகம் எல்லாம் சமையலில் எவ்வளவு போடுவீர்களோ அவ்வளவு போடுங்கள் என்று அனுப்பிவைத்தார். கிளம்பும்போது, "அந்த டாக்டர் எனக்கு ஒரு வரி எழுதித் தந்தா நானும் ஒரு வரி எழுதித் தருவேன், இத்தனை வருஷத்துல யாரும் எழுதினதில்ல" என்றார்.

உங்கள் கட்டுரையில் ஒருங்கிணைப்பு என்ற வார்த்தை பத்துப் பதினைந்து தடவை வருகிறது. எனக்குத் தெரிந்த ஒருங்கிணைப்பு அந்த ஒரு வரிதான்.

இன்னொரு விஷயம், இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் மாவட்டத்திலும் தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கமும் மானாவாரி நிலத்தில் நித்யகல்யாணி பயிரிடுவார்கள். சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வோம், ரோஸ் நிறத்தில் ஐந்து இதழ் பூ, ஆடு கடிக்காது. இலையையும் வேரையும் காய வைத்து மூட்டை மூட்டையாக வியாபாரிக்குப் போடுவார்கள். இரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குப் போடுகிற வின்கிரிஸ்டின் அந்தச் செடியிலிருந்து வருவது. 1950களில் கனடாவில் நோபிள், பியர் என்று இரண்டு பேர் அந்த இலை சர்க்கரை நோய்க்குக் கேட்குமா என்று எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை குறையவில்லை, வெள்ளை அணுக்கள் சரிந்தன, அதைப் பிடித்துக்கொண்டு போய் வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தார்கள், அமெரிக்காவில் ஒரு மருந்து நிறுவனம் அதே செடியில் வின்கிரிஸ்டினைக் கண்டுபிடித்தது. இதைக் கேட்டதும் எங்கள் சொந்தத்தில் ஒருவர், அப்போ இலையைக் கொதிக்க வைத்துக் குடித்தால் போதுமே, எதுக்கு மதுரைக்கு அலையணும் என்றார். டன் கணக்கில் இலை போட்டால் சில கிராம்தான் மருந்து தேறும். அதைக் குழந்தைக்குக் கொடுக்கும்போது உடம்பின் பரப்பளவைக் கணக்குப் போட்டு மில்லிகிராமில் கொடுக்கிறார்கள், ஒரு மில்லிகிராம் கூடினாலே நரம்பு போய்விடும். உங்கள் சொம்புக் கஷாயத்தில் அது எவ்வளவு என்று யார் அளந்தது என்று கேட்டேன், பேச்சை மாற்றிவிட்டார். அக்காவுக்குப் பின்னால் போட்ட நாலு வெள்ளை மருந்தும், பாக்லிடாக்செல், அமெரிக்காவின் மேற்குக் கரையில் வளரும் யூ என்ற மரத்தின் பட்டையில் முதலில் கிடைத்தது. 1962ல் பட்டையை உரித்து எடுத்தார்கள், மருந்தாக அனுமதி கிடைத்தது 1992ல். முப்பது வருடம். மூலிகைக்கும் ஆங்கில மருந்துக்கும் நடுவில் இருப்பது அந்த முப்பது வருட அளவெடுப்பு.

எதுவுமே வேண்டாம் என்கிற கட்சி இல்லை நான். அக்காவுக்கு உதவியதையும் சொன்னால்தான் கணக்கு நேராகும்.

இஞ்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 576 நோயாளிகளுக்குக் கீமோவுக்கு மூன்று நாள் முன்னாலிருந்தே இஞ்சி மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள், தினம் அரை கிராமிலிருந்து ஒரு கிராம் வரை எடுத்தவர்களுக்கு முதல் நாள் குமட்டல் நன்றாகக் குறைந்தது. கவனியுங்கள், எல்லாருக்கும் வழக்கமான வாந்தி மாத்திரையும் சேர்த்துத்தான் கொடுத்தார்கள், மாத்திரையை நிறுத்திவிட்டு இல்லை. இதை டாக்டரிடம் கேட்டேன், இரத்தம் உறைய வைக்கிற தட்டணுக்கள் குறைவாக இருக்கும்போது வேண்டாம், மற்றபடி எடுங்கள் என்று ஒரே வரியில் முடித்தார். கேட்டால் சொல்கிறார்கள். கேட்கிற தைரியம்தான் பலருக்கு இல்லை.

ஆபரேஷனுக்குப் பிறகு அக்காவால் இடது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை, கொடியில் துணி போடக்கூட ஆள் வேண்டும். ஆஸ்பத்திரி பிசியோதெரபி பெண் சொல்லிக்கொடுத்தது சுவர் ஏறுவது: சுவரைப் பார்த்து நின்றுகொண்டு விரலை நண்டு மாதிரி நகர்த்தி நகர்த்தி மேலே ஏற்ற வேண்டும். அடுப்படி வாசல் பக்கத்துச் சுவரில் தினம் எட்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு, பக்கத்தில் தேதி. சின்னப் பிள்ளைகள் உயரத்தைக் குறிப்போமே, அதே மாதிரி. முதல் கோடு என் மூக்கு உயரத்தில், கடைசிக் கோடு பரணுக்கு ஒரு சாண் கீழே. பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது அந்தச் சுவரை மட்டும் விட்டுவிட்டோம். நாலாவது கீமோவுக்குப் பிறகு ஒரு யோகா டீச்சர், இயற்கை மருத்துவப் பட்டப்படிப்பு படித்த சின்னப் பெண், வாரம் இரண்டு நாள் வந்து மூச்சுப் பயிற்சியும் படுத்துக்கொண்டே செய்கிற நாலைந்து ஆசனமும் சொல்லிக்கொடுத்தாள். தூக்கம் வந்தது. இதுவும் கண்கட்டு வித்தை இல்லை, சிகிச்சை முடித்த பிறகு தூக்கம் கெட்ட 410 பேரை வைத்து நடந்த ஆய்வில் நாலு வாரம் யோகா செய்தவர்கள் நன்றாகத் தூங்கினார்கள், தூக்க மாத்திரையும் குறைந்தது என்று 2013ல் வந்திருக்கிறது. அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்ததற்குக் காரணம் முதல் நாளே டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கிப் படித்தாள், எலும்பு ஸ்கேன் பார்த்தாச்சா என்று கேட்டாள். எலும்புக்கு நோய் பரவியிருந்தால் சில ஆசனம் எலும்பை முறித்துவிடுமாம். யோகா சொல்லித்தருகிறவர் ஸ்கேன் கேட்டால் நம்பலாம் என்பது என் அளவுகோல்.

நடைப் பயிற்சியைப் பற்றி யாரும் பெருமையாகப் பேசுவதில்லை, காசு கிடையாதே. குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷனும் கீமோவும் முடித்த 889 பேரில் பாதிப் பேருக்கு மூன்று வருடம் பயிற்சியாளர் வைத்து உடற்பயிற்சி, மீதிப் பேருக்குப் புத்தகம் மட்டும் என்று கனடா, ஆஸ்திரேலியா பக்கம் நடந்த ஆய்வின் முடிவு 2025ல் வந்தது. எட்டு வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் பயிற்சி செய்தவர்களில் நூற்றுக்கு 90 பேர், மற்றவர்களில் 83 பேர். ஒரு புது மாத்திரை இந்தப் பலனைக் கொடுத்திருந்தால் அதன் விலை லட்சத்தில் இருக்கும். ஆனால் நம் ஊரில் கீமோ போட்டவளை எழுந்து நடக்க விடுவோமா? படு, படு, அலையாதே என்போம்.

சாப்பாட்டைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதம் பாதிதான். டாக்டரைக் கேட்டால் எல்லாம் சாப்பிடலாம் என்பார், அது ஒரு பதிலே இல்லை, எல்லாம் சாப்பிட முடிந்தால் நாங்கள் ஏன் கேட்கப் போகிறோம். ஊரில் கேட்டால் எல்லாமே ஆகாது. நடுவில் அக்கா கஞ்சியும் வேகவைத்த சுரைக்காயுமாக ஆறு கிலோ இறங்கிவிட்டாள். டயட்டீஷியன் ஒரு தாள் கொடுத்தார், அச்சடித்தது, ஓட்ஸ், ப்ராக்கோலி, ஆலிவ் எண்ணெய். ப்ராக்கோலி எங்கள் சந்தைக்கு என்றைக்கு வந்தது? கடைசியில் அந்தச் சித்தா டாக்டர்தான், முட்டை வெள்ளைக்கரு சாப்பிடச் சொல்லுங்க, பாசிப்பயறு கஞ்சி வைங்க, வாய் கசந்தா நார்த்தங்காய் தொட்டுக்கட்டும் என்றார். பத்தியம் என்பது நோயாளி கையில் இருக்கிற ஒரே சாவி, மற்ற எல்லாம் டாக்டர் கையில். அதைப் பிடுங்கிக்கொண்டு எல்லாம் சாப்பிடு என்று சொன்னால் அவர்கள் வேறு யாரிடமாவது போய்ப் பத்தியம் கேட்பார்கள், கேட்கத்தான் செய்வார்கள்.

இப்போது மாத்திரைக்கு வருகிறேன். லெட்ரோசோல், நோய் திரும்பி வராமல் இருக்க, ஐந்து வருடம் தினமும். மூட்டு வலி வந்துவிட்டது, காலையில் கட்டிலைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருப்பாள். இந்த மாத்திரையால் வருகிற மூட்டு வலிக்கு அக்குபங்சர் ஓரளவு கேட்கிறது என்று 226 பெண்களை வைத்து நடந்த ஆய்வு 2018ல் வந்தது, அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்கள் சங்கமே 2022ல் தன் வழிகாட்டுதலில் அதைச் சேர்த்திருக்கிறது. அதை நம்பி ஒருவரிடம் அழைத்துப் போனேன். நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு அவர் சொன்ன முதல் வார்த்தை, அந்த மாத்திரையை நிறுத்துங்கள், அதுதான் உடம்பில் கழிவு சேர்க்கிறது. எழுந்து வந்துவிட்டோம். வைத்தியம் சரியாகவே இருக்கலாம், அதைக் கையில் வைத்திருக்கிற ஆள் மாத்திரையை நிறுத்தச் சொன்னால் அங்கேதான் ஆபத்து. அமெரிக்காவில் வழக்கமான சிகிச்சையோடு மாற்று வைத்தியமும் சேர்த்து எடுத்த 258 பேரை மற்றவர்களோடு ஒப்பிட்டு 2018ல் ஒரு கணக்கு வந்தது. இவர்களில் நூற்றுக்கு 34 பேர் கீமோ வேண்டாம் என்று மறுத்திருந்தார்கள், மற்றவர்களில் மூன்று பேர்தான். இறப்பு இவர்களுக்கு இரண்டு மடங்கு. சேர்த்து எடுத்ததில் கெடுதல் வந்த மாதிரி தெரியவில்லை, சேர்க்கிற சாக்கில் ஒன்றைக் கைவிட்டதில்தான் வந்தது. இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று எழுதுகிறவர்கள் இதையும் ஒரு வரி எழுத வேண்டும், உங்கள் கட்டுரையில் அது இல்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. தாம்பரத்தில் மத்திய அரசின் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005லிருந்து இருக்கிறது, அரும்பாக்கத்தில் அரசு யோகா இயற்கை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அடையாறில் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த வலியில் 1954ல் பன்னிரண்டு படுக்கையோடு தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. ஆள் இல்லாத மாநிலம் இல்லை இது. நியூயார்க்கில் ஒரு பெரிய புற்றுநோய் மருத்துவமனை, ஸ்லோன் கெட்டரிங், எந்த மூலிகை எந்தக் கீமோவோடு மோதும் என்று தேடிப் பார்க்கிற மாதிரி ஒரு தொகுப்பை இணையத்தில் எல்லாருக்கும் இலவசமாக வைத்திருக்கிறது. அதே மாதிரி சீந்தில், நிலவேம்பு, கருஞ்சீரகம், சேராங்கொட்டை, முள்சீத்தா என்று நம் வாயில் வருகிற பெயரிலேயே தமிழில் ஒன்று வேண்டும், சித்தா டாக்டரும் புற்றுநோய் டாக்டரும் சேர்ந்து உட்கார்ந்து எழுதியது. கீமோ ஃபைலில் அலர்ஜி என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதன் கீழே 'வேறு என்ன எடுக்கிறார்' என்று இன்னொரு கட்டம். அதைக் கேட்டு எழுத டாக்டரே வேண்டும் என்று இல்லை, பொறுமையான ஒரு நர்ஸ் போதும். சொன்னதற்குத் திட்டு கிடையாது என்று நோயாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

போன மாதம் செக்கப்புக்குப் போனபோது புதிதாக ஒரு டாக்டர் இருந்தார். ரிப்போர்ட் எல்லாம் பார்த்துவிட்டு, இது தவிர வேற என்னல்லாம் சாப்பிடுறீங்கம்மா என்று கேட்டார். அக்கா என்னைப் பார்த்தாள். காலையில் சுக்கு மல்லிக் காப்பி, சாயங்காலம் சில நாள் முருங்கைக்கீரை சூப், முழங்காலுக்குப் போட ஒரு தைலம் என்றாள். தைலத்தின் பெயரைக் கேட்டு அவர் எழுதிக்கொண்டார். வெளியே வந்து, இவரு நல்லவரா இருக்காருல்ல என்றாள், அந்த ஆஸ்பத்திரியில் அவள் யாரையும் பற்றி அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். புற்றுநோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக் கூடாது என்று மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் சொல்கிறது. அதுவும் 1954தான், அடையாறு மருத்துவமனை தொடங்கிய அதே வருடம். எழுபது வருடச் சட்டம் உங்கள் விளம்பரப் பிரிவுக்குத் தெரியாமல் இருக்காது. அந்தக் கால் பக்கத்துக்கு என்ன காசு வரும் என்று எனக்குத் தெரியாது, 9,000 ரூபாய் பொட்டலம் எத்தனை விற்றால் அந்தக் காசு கட்டும் என்று மட்டும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். போன ஞாயிறு இணைப்பைப் பழைய பேப்பர்க்காரருக்குப் போடாமல் எடுத்து வைத்திருக்கிறேன். வருகிற ஞாயிறும் அந்தப் பக்கத்தைப் பார்ப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் இருபது வருட வாசகி,
சாத்தூர்